டிக்கெட்டில் ஒரு பெயர், விமானத்தின் வாலில் இன்னொரு பெயர்: சில்க்ஏர் ஏன் வந்தது, ஏன் போனது

2018 வாக்கில் கோயம்புத்தூரிலிருந்து சிட்னிக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தளத்தில் டிக்கெட் எடுத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பணம் போனது சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு, மைல் புள்ளிகளும் அவர்கள் கணக்கில்தான் ஏறின. ஆனால் பீளமேட்டில் வந்து நின்ற விமானத்தின் பக்கவாட்டில் சில்க்ஏர் என்று எழுதியிருக்கும். இருக்கைக்கு முன்னால் திரை இருக்காது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி அடுத்த விமானத்தில் ஏறினால், அங்கேதான் அந்தப் பெரிய பறவைச் சின்னமும், விளம்பரத்தில் பார்த்த இருக்கையும், சினிமாத் திரையும். காசு ஒரே கம்பெனிக்கு, விமானம் மட்டும் ஏன் இரண்டு கம்பெனி?

இன்று சில்க்ஏர் இல்லை, 2021இல் அந்தப் பெயர் முடிந்துவிட்டது. ஆனால் இந்தக் குழப்பம் அதோடு முடியவில்லை. ஜெர்மனியின் லுப்தான்சா, நெதர்லாந்தின் கேஎல்எம் என்று யாரிடம் டிக்கெட் எடுத்தாலும் “இயக்குவது: இன்னார்” என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வருகிறது. அந்த வரிக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதை சில்க்ஏரை வைத்தே பார்த்துவிடலாம், ஏனென்றால் அதன் கதையில் தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு.

முதலில் சில சொற்கள்

துணை விமான நிறுவனம் என்றால் தாய் நிறுவனம் முழுதாகவோ பெரும்பகுதியாகவோ சொந்தமாக வைத்திருக்கும் இன்னொரு விமான நிறுவனம். இதில் முக்கியமானது, அதற்கென்று தனியாக விமான இயக்குநர் சான்றிதழ் இருக்கும். ஏஓசி என்று துறையில் சொல்வார்கள். இந்தச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி விமானத்தை ஓட்டுகிறவர். பைலட் யாருடைய ஊழியர், பராமரிப்புக்கு யார் பொறுப்பு, யாருடைய விதிப்புத்தகப்படி பறக்கிறார்கள் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. முதலாளி ஒருவராக இருக்கலாம், ஆனால் சான்றிதழ் இரண்டு என்றால் பைலட்டை இங்கிருந்து அங்கே நினைத்தபடி மாற்றிப் போட முடியாது.

கோட்ஷேர் என்பது ஒரே விமானத்துக்கு இரண்டு எண். சில்க்ஏரின் குறியீடு எம்ஐ, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் குறியீடு எஸ்கியூ. கோவை விமானம் எம்ஐ எண்ணில் பறக்கும், எஸ்கியூ எண்ணிலும் விற்கப்படும். இது சொந்தத் துணை நிறுவனத்தோடும் நடக்கும், சம்பந்தமே இல்லாத வேறு நாட்டுக் கம்பெனியோடும் நடக்கும். அதனால் கோட்ஷேர் என்று பார்த்தவுடனே “அவங்க கம்பெனிதான்” என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

வெட் லீஸ் என்பது வேறு. விமானம், பைலட், பணிப்பெண்கள், காப்பீடு எல்லாவற்றையும் மொத்தமாக இன்னொருவரிடம் வாடகைக்கு எடுப்பது. டிரைவரோடு கார் எடுக்கிற மாதிரி. அதைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை.

தீவுக்குச் சுற்றுலா கொண்டுபோன கம்பெனி

சில்க்ஏரின் முந்தைய பெயர் டிரேட்விண்ட்ஸ். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சுற்றுலாப் பிரிவாக 1970களில் தொடங்கி, 1989இல் கால அட்டவணைப்படி பறக்கும் விமான நிறுவனமானது. அப்போது போன ஊர்களைப் பார்த்தாலே அதன் வேலை என்னவென்று தெரிந்துவிடும்: பட்டாயா, புக்கெட், ஹட்யாய், குவாந்தான், தியோமான் தீவு. எல்லாம் கடற்கரை, விடுமுறை, ஒன்றிரண்டு மணி நேரப் பயணம். 1992இல் பெயர் சில்க்ஏர் ஆனது. முதலில் போயிங் 737-300, பிறகு 1998 முதல் ஏர்பஸ் ஏ320, ஏ319 என்று பெரும்பாலும் நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானங்கள்தான்.

தாய் நிறுவனமோ நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. ஜம்போ, 777, பிறகு ஏ380 என்று எல்லாம் இரண்டு நடைபாதை உள்ள அகல விமானங்கள். சிங்கப்பூருக்கு உள்நாட்டு விமான சேவை என்று ஒன்று கிடையாது, நாடே ஒரு ஊர்தான். அதனால் வேறு நாடுகளில் உள்நாட்டுச் சேவைக்குத் தொடங்குகிற துணை நிறுவனம், சிங்கப்பூரில் பிறந்தபோதே பன்னாட்டு நிறுவனமாகத்தான் பிறந்தது. அதன் குட்டிப் பயணம்கூட பாஸ்போர்ட் பயணம்.

துணை நிறுவனம் எதற்கு: கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

1. விமானத்தின் அளவு. இதுதான் மூலக்காரணம், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. சில்க்ஏரின் 737-800இல் 12 பிசினஸ், 150 எகானமி, மொத்தம் 162 இருக்கை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குறைந்த தூரத்துக்கு ஓட்டிய ஏ330-300இல் 285. ஒரு நாளைக்கு 120 பேர் மட்டுமே போகிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன விமானம் முக்கால்வாசி நிரம்பும். பெரியது பாதிகூட நிரம்பாது, நூற்றுக்கு 42தான். எரிபொருள், தரையிறங்கும் கட்டணம், பணியாளர் என்று செலவு மட்டும் விமானத்தின் அளவுக்கேற்ப ஏறும்.

“அப்படியென்றால் பெரிய விமானத்தை வாரம் நாலு நாள் மட்டும் ஓட்டலாமே” என்று கேட்கலாம். ஓட்டலாம்தான். 285ஐ நாலால் பெருக்கினால் வாரத்துக்கு 1,140 இருக்கை. 162ஐ ஏழால் பெருக்கினால் 1,134. கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவு, ஆனால் ஒன்று வாரம் நாலு நாள், இன்னொன்று தினமும். செவ்வாய்க்கிழமை கோவையிலிருந்து கிளம்ப வேண்டிய ஒரு பம்ப்செட் ஏற்றுமதியாளருக்கு வியாழன்தான் விமானம் என்றால், அவர் கொழும்பு வழியாகவோ சென்னை வழியாகவோ போய்விடுவார். அவரோடு சேர்ந்து சிட்னி டிக்கெட் காசும் போய்விடும். ஊட்டு விமானம் என்று இதைச் சொல்வதற்குக் காரணம் இதுதான், அந்த 120 பேரில் பலருக்குச் சிங்கப்பூர் சேரும் ஊரே கிடையாது, மாறும் இடம். குட்டி விமானம் தன்னளவில் அதிக லாபம் காட்டாவிட்டாலும் பெரிய விமானத்தை நிரப்பிக் கொடுத்தால் குழுமத்துக்குக் கணக்கு சரியாகிவிடும்.

2. இருநாட்டு ஒப்பந்தம். ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டுக்கு எத்தனை தடவை, எந்தெந்த ஊருக்குப் பறக்கலாம் என்பதை அரசுகள் பேசி முடிவு செய்கின்றன. இந்தியாவோடு சிங்கப்பூர் போட்டுள்ளது வாரத்துக்கு இத்தனை இருக்கை என்ற வகை. துணை நிறுவனம் தொடங்கினால் கூடுதல் ஒதுக்கீடு கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள், கிடைக்காது. சிங்கப்பூர் தரப்பு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கணக்கு. ஆனால் இருக்கைதான் அளவுகோல் என்னும்போது, மேலே சொன்ன கணக்குப்படி சின்ன விமானம் வைத்திருப்பவர் அதே ஒதுக்கீட்டை அதிக நாட்களில் பரப்பலாம்.

ஊர்ப் பட்டியலும் முக்கியம். ஆசியான் எனப்படும் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கு இந்தியா தாராளமாகத் திறந்துவிட்ட 18 சுற்றுலா ஊர்களில் திருச்சி உண்டு, மதுரை கிடையாது. திருச்சியில் வெளிநாட்டு விமானங்கள் வரிசையாக நிற்பதற்கும் மதுரைக்காரர்கள் ஆண்டுக்கணக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருப்பதற்கும் பெரிய காரணம் இதுதான். வெளிநாட்டு நிறுவனம் பட்டியலில் உள்ள ஊருக்குத்தான் வரலாம், இந்திய நிறுவனமோ சுங்க வசதியுள்ள எந்த ஊரிலிருந்தும் கிளம்பலாம். மதுரை–சிங்கப்பூர் சேவையை 2017இல் தொடங்கியது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். அதுவும் ஒரு துணை நிறுவனம்தான், ஆனால் மலிவுக் கட்டண வகை.

3. சம்பளம். இதைப் பற்றி எந்த நிறுவனமும் விளம்பரத்தில் பேசாது. தனிச் சான்றிதழ், தனி நிறுவனம் என்றால் தனிச் சம்பள அட்டவணை, தனிப் பணிமூப்பு வரிசை, தனி ஒப்பந்தம். தாய் நிறுவனத்து பைலட் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் இங்கே செல்லாது. சங்கங்களும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் பைலட் ஒப்பந்தங்களில், அவர்கள் பெயரில் பறக்கும் பிராந்திய நிறுவனங்கள் 76 இருக்கைக்கு மேல் உள்ள விமானத்தை ஓட்டக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குள் அடங்கும் சின்ன ஜெட்டான எம்ப்ரேயர் 175 அங்கே அத்தனை பறப்பது அந்த ஒரு வரியால்தான். ஜெர்மனியில் இதைவிட வேடிக்கை. லுப்தான்சாவுக்கு ஏற்கெனவே சிட்டிலைன் என்ற துணை நிறுவனம் இருந்தது. அது இருக்கும்போதே 2022இல் லுப்தான்சா சிட்டி ஏர்லைன்ஸ் என்று இன்னொன்றைத் தொடங்கி, 2024 ஜூனில் பறக்கவும் விட்டார்கள். பெயரில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. விமானத்தில் ஏறுகிறவருக்கு இது எதற்கென்றே புரியாது. கீழே வேலை செய்கிறவருக்கு உடனே புரியும்.

4. பெயருக்குப் பாதுகாப்பு. முதல்தரச் சேவை என்று விற்கும் பெயரை இரண்டு மணி நேரச் சுற்றுலா விமானத்தில் ஒட்டி மங்கவைக்க வேண்டாம் என்ற எண்ணம். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் கடைசியில் சில்க்ஏரின் முடிவுக்குக் காரணமும் இதுதான்.

எங்கே பிசகியது

லண்டனிலிருந்து பிசினஸ் வகுப்பில் படுத்துத் தூங்கிக்கொண்டு வருகிற ஒருவர் சாங்கியில் மாறி, கடைசி நாலு மணி நேரம் சாய்கிற நாற்காலியில் உட்கார்ந்து போக வேண்டும். அவர் கட்டியது ஒரே டிக்கெட், பிசினஸ் வகுப்புக் கட்டணம். “இது வேறு நிறுவனம்” என்று அவரிடம் சொல்லிப் பயன் இல்லை, அவர் நினைவில் நிற்பது கடைசியில் உட்கார்ந்த இருக்கை. சில்க்ஏரும் கைபேசியிலேயே படம் பார்க்க வசதி எல்லாம் செய்து பார்த்தது. ஆனால் இரண்டு நிறுவனங்களை ஒட்டிய தையல் தெரியத்தான் செய்தது.

மேலிருந்து இப்படி. கீழிருந்து வந்ததோ மலிவுக் கட்டண நிறுவனங்கள். ஏர்ஏசியா அதே 737, ஏ320 அளவு விமானத்தை வைத்துக்கொண்டு அதே புக்கெட்டுக்கும் பினாங்குக்கும் பாதி விலைக்குப் போனது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சும்மா இருக்க முடியாமல் மலிவுக் கட்டண டைகர் ஏர்வேஸில் (பின்னாளில் டைகர்ஏர்) பங்கு வைத்தது, 2012இல் அதே வகையில் ஸ்கூட்டைப் பறக்கவிட்டது. ஒரு கட்டத்தில் ஒரே குழுமத்தின் கையில் நாலு விமான நிறுவனங்கள்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், சில்க்ஏர், டைகர்ஏர், ஸ்கூட். கோவைக்கு யார், திருச்சிக்கு யார், சென்னைக்கு யார் யார் என்று பயணிக்கு மட்டுமல்ல, டிராவல் ஏஜென்ட்டுக்கே தலைசுற்றும். 2017இல் டைகர்ஏரை ஸ்கூட்டோடு சேர்த்தார்கள். மூன்று மிச்சம். மூத்தவனுக்குத் தரம், இளையவனுக்கு விலை, நடுவில் நின்ற சில்க்ஏருக்குச் சொல்லிக்கொள்ள என்ன இருந்தது?

2018 மே மாதம் அறிவிப்பு வந்தது. சில்க்ஏரின் உட்புறத்தைப் புதுப்பிக்க 10 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல் செலவிட்டு, பிசினஸில் படுக்கையாக விரியும் இருக்கையும் எகானமியில் திரையும் வைத்து, பிறகு தாய் நிறுவனத்தோடு இணைப்பது என்று. லாபம் தராத ஊர்கள் ஸ்கூட்டுக்குப் போகும். அதன்படி கோவை, திருவனந்தபுரம், விசாகப்பட்டினம் மூன்றும் 2019இல் ஸ்கூட் கைக்கு மாறின.

அதே 2019 மார்ச்சில் 737 மேக்ஸ் விமானங்கள் உலகம் முழுக்கத் தரையில் நிறுத்தப்பட்டன. சில்க்ஏரிடம் ஆறு இருந்தன. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் நிறுத்திவைத்தால் துருப்பிடிக்கும் என்பதால் ஆஸ்திரேலியப் பாலைவன ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பினார்கள். அப்புறம் கொரோனா. 2021 மார்ச்சில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெயரிலேயே 737-800 பறக்க ஆரம்பித்தது, முதலில் போனது புக்கெட்டுக்கு. 1989இல் டிரேட்விண்ட்ஸ் தொடங்கிய அதே ஊர்.

கோவைக்காரர்களுக்கு என்ன மாறியது என்றால், பிசினஸ் வகுப்பு போனது, கட்டணத்துக்குள் சாப்பாடு போனது, பெட்டிக்குத் தனிக்காசு வந்தது. அடிப்படைக் கட்டணம் இறங்கியது. தாய் நிறுவன விமானத்தோடு சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி கடைசி ஊர் வரை நேராகப் போகும், இரண்டு தளங்களில் தனித்தனியாக எடுத்தால் போகாது. இதைக் கவனிக்காமல் சாங்கியில் திண்டாடியவர்கள் நிறைய.

நடுப்பிள்ளைகள் எல்லோருக்கும் இதே கதியா?

ஆசியாவில் பெரும்பாலும் ஆமாம். ஹாங்காங்கில் கதே பசிபிக்கின் துணை நிறுவனம் கதே டிராகன், பழைய பெயர் டிராகன்ஏர், 1985இல் தொடங்கியது. சீன ஊர்களுக்குக் குறுகிய தூரச் சேவைதான் அதன் பலம். 2020 அக்டோபரில் மூடப்பட்டது. அங்கேயும் மூத்த நிறுவனம் தங்கியது, மலிவுக் கட்டண எச்கே எக்ஸ்பிரஸ் தங்கியது, நடுவில் இருந்தது போனது. தாய்லாந்தில் தாய் ஸ்மைல் 2012இல் பறக்கத் தொடங்கி, கயா, வாரணாசி என்று புத்த யாத்திரை ஊர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. 2023 முடிவோடு அதன் 20 ஏ320 விமானங்களும் தாய் ஏர்வேஸுக்கே திரும்பின. ஒரு பொதுத்தன்மை: மூன்றிலும் 737 அல்லது ஏ320 வகை விமானம் இருந்தது. அது இப்போது சின்ன விமானமே இல்லை, ஐந்தாறு மணி நேரம் தாராளமாகப் பறக்கும், படுக்கை இருக்கையும் வைக்கலாம். தாய் நிறுவனமே ஓட்டக்கூடிய விமானத்துக்கு இரண்டாவது சான்றிதழ், இரண்டாவது பயிற்சிப் பிரிவு, இரண்டாவது அலுவலகம் எதற்கு என்று எந்தக் கணக்காளரும் கேட்கத்தான் செய்வார்.

ஐரோப்பாவில் கேஎல்எம் சிட்டிஹாப்பர் 1991இலிருந்து நன்றாகவே இருக்கிறது. அதன் எம்ப்ரேயர் விமானங்கள் தாய் நிறுவனத்தினுடையதைவிட உண்மையிலேயே சிறியவை, வெளியே கேஎல்எம் நிறம், டிக்கெட்டில் கேஎல் எண். தனிப்பெயரை விற்க அவர்கள் முயலவே இல்லை.

ஏதாவது ஆனால் யாரைப் பிடிப்பது

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் கான்டினென்டல் கனெக்‌ஷன், ஓட்டியது கோல்கன் ஏர். இது துணை நிறுவனம்கூட இல்லை, ஒப்பந்தத்துக்கு ஓட்டிய வேறு கம்பெனி. பைலட்டின் களைப்பு, சம்பளம், பயிற்சி பற்றியெல்லாம் பெரிய விவாதம் கிளம்பி, அடுத்த ஆண்டு வந்த சட்டம் இணையத்தில் டிக்கெட் விற்பவர் தேடல் முடிவிலேயே உண்மையில் இயக்குபவர் யார் என்று காட்ட வேண்டும் என்றது. துணை பைலட்டுக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்றதும் அதே சட்டம்தான்.

பன்னாட்டுப் பயணத்தில் விமான நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் மான்ட்ரியல் உடன்படிக்கை பயணிக்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. டிக்கெட் விற்றவர், ஓட்டியவர் இரண்டு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், ஒருவரிடம் கொடுத்த புகார் மற்றவரிடம் கொடுத்ததாகவும் கருதப்படும். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கவுன்டரில் “நீங்க அவங்களைக் கேளுங்க” என்றால் அங்கேயே எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தாமத இழப்பீட்டுக்கு மட்டும் விதி வேறு, அங்கே ஓட்டியவர்தான் கொடுக்க வேண்டும்.

பலாலிக்குப் போன ஏடிஆர்

நமக்குப் பக்கத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு உண்டு. அலையன்ஸ் ஏர், 1996இல் இந்தியன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமாகத் தொடங்கியது, பிறகு ஏர் இந்தியா குழுமத்துக்கு வந்தது. 2019 அக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து போய் இறங்கியது அதன் ஏடிஆர் 72, புரொப்பெல்லர் விமானம், சுமார் 70 இருக்கை. நவம்பரில் வழக்கமான சேவை. ஏர் இந்தியாவின் ஏ320 ஏன் போகவில்லை என்றால், அந்த அளவு ஜெட் இறங்குவதற்கு ஏற்றபடி பலாலி ஓடுபாதை தயாராக இல்லை. இறங்க முடிந்திருந்தாலும் ஏறத்தாழ 350 கிலோமீட்டருக்கு, அன்றைக்கு இருந்த கூட்டத்துக்கு, அது பாதி காலியாகத்தான் போயிருக்கும். தாய் நிறுவனத்தால் முடியாததைத் துணை நிறுவனம் செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கஷ்டம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 அன்றுதான் மறுபடி தொடங்கியது. இடையில் ஒரு சங்கதி நடந்துவிட்டது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவுக்குப் போனது, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் கூடவே போனது, அலையன்ஸ் ஏர் மட்டும் அரசிடமே தங்கிவிட்டது. தாயை விற்றார்கள், பிள்ளை வீட்டிலேயே இருந்தது. அதுவரை ஏர் இந்தியா எண்ணில் பறந்த விமானங்கள் அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து அலையன்ஸின் சொந்தக் குறியீடான 9I எண்ணில் பறக்கின்றன. ஆக யாழ்ப்பாணம் போகும் அந்த விமானம் இப்போது யாருக்கும் ஊட்டு விமானம் அல்ல.

2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னை–யாழ்ப்பாணம் பறக்கத் தொடங்கியது. அதே ஏடிஆர் 72 வகைதான், 78 இருக்கை. ஆனால் துணை நிறுவனம் கிடையாது. ஏர்பஸ்ஸையும் ஏடிஆரையும் இண்டிகோ ஒரே சான்றிதழில், ஒரே பெயரில் ஓட்டுகிறது. டிக்கெட்டில் “இயக்குவது” என்று வேறொரு பெயரைத் தேட வேண்டிய அவசியம் அங்கே இல்லை.